பணிநிலையமும் வீட்டுக் கணினியும் எங்கே பிரிகின்றன?

கணினி நிறுவனம் ஒன்று புதிய வரிசையை அறிவிக்கும்போது அதில் பெரும்பாலும் இரண்டு கிளைகள் இருக்கும். ஒன்று வீட்டுக் கணினி. மற்றொன்று ‘ஒர்க்ஸ்டேஷன்’ என்று பலரும் சொல்லிப் பழகிய பணிநிலையம். இரண்டின் விவரப் பட்டியலையும் அருகருகே வைத்துப் படிக்கும் புதியவருக்கு முதலில் எழுவது குழப்பம்தான். வீட்டுக் கணினியின் பிராசசர் 5.7 ஜிகாஹெர்ட்ஸ் வரை ஓடும் என்று போட்டிருக்கிறது. பணிநிலையத்தின் பிராசசரோ 5.1 ஜிகாஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. விலை மட்டும் பல மடங்கு. வேகம் குறைந்த ஒன்றுக்கு யாராவது கூடுதலாகப் பணம் கொடுப்பார்களா?

கொடுக்கிறார்கள், அதற்குக் காரணமும் இருக்கிறது. பணிநிலையம் என்றால் இன்னும் வேகமான வீட்டுக் கணினி என்று எண்ணிக்கொள்வதால்தான் இந்தக் கேள்வி எழுகிறது. வீட்டுக் கணினியிடம் நாம் எதிர்பார்ப்பது சட்டென்ற பதில்: சொடுக்கியதும் பக்கம் திறக்க வேண்டும், விளையாட்டில் திரை திக்கக் கூடாது. அந்த நொடிகள் முடிந்தால் அது மீண்டும் ஓய்வுக்குப் போய்விடும். பணிநிலையத்திடம் எதிர்பார்ப்பது வேறு. ஒரு பாலத்தின் வலிமைக் கணக்கையோ அசைவூட்டக் காட்சி ஒன்றின் நூற்றுக்கணக்கான சட்டகங்களையோ கொடுத்துவிட்டு இரவு வீட்டுக்குப் போனால், காலையில் அந்த வேலை நடுவில் நின்றுபோகாமல் முடிந்திருக்க வேண்டும். வந்த விடையும் நம்பத்தக்கதாக இருக்க வேண்டும். உதிரிபாகங்களில் காணும் வேறுபாடுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு எதிர்பார்ப்புகளிலிருந்தே கிளைத்தவை.

ஒரு காலத்தில் இந்த இரண்டு வகைக் கணினிகளையும் குழப்பிக்கொள்ளவே முடியாது. 1977இல் ஆப்பிள் 2, கமோடோர் பெட், டிஆர்எஸ்-80 ஆகிய மூன்றும் விற்பனைக்கு வந்தபோது வீட்டுக் கணினி என்ற சந்தை உருவாயிற்று. 1982இல் வந்த கமோடோர் 64இன் பெயரிலேயே அதன் நினைவகத்தின் அளவு இருக்கிறது: 64 கிலோபைட். பணிநிலையத்தின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் 1973இல் உருவான ஆல்டோ, மவுஸும் படங்களைக் காட்டும் திரையும் கொண்டு ஒரே ஒருவரின் பயன்பாட்டுக்கென்றே அமைந்த கணினி. அந்த வழியில் 1980இல் அப்போலோ, 1982இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஆகிய நிறுவனங்கள் தொடங்கப்பட்டன. அக்காலப் பொறியாளர்கள் பணிநிலையத்துக்கு ஓர் இலக்கு வைத்திருந்தார்கள்: ஒரு மெகாபைட் நினைவகம், பத்து லட்சம் புள்ளிகள் கொண்ட திரை, நொடிக்குப் பத்து லட்சம் கட்டளைகளை நிறைவேற்றும் பிராசசர். இன்று கைப்பேசியைப் பார்த்துப் பழகியவர்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் 1981இல் வந்த ஐபிஎம் பிசியின் அடிப்படை மாதிரியில் இருந்தது 16 கிலோபைட் நினைவகம் மட்டுமே என்பதை நினைத்தால் அந்த இலக்கின் உயரம் புரியும். டிம் பெர்னர்ஸ்-லீ 1990இல் செர்ன் ஆய்வகத்தில் முதல் இணைய உலாவியை எழுதியதும் இப்படிப்பட்ட வகையைச் சேர்ந்த நெக்ஸ்ட் கணினி ஒன்றில்தான்.

அன்றைய பணிநிலையங்களின் பிராசசர், இயங்குதளம், திரை எல்லாமே தனி இனம். 1990களின் பிற்பகுதியில் நிலைமை மாறிற்று. வீட்டுக் கணினிக்கான பிராசசர்கள் கோடிக்கணக்கில் விற்றதால் அவற்றை மேம்படுத்துவதற்குக் கிடைத்த பணமும் பெருகியது. ஸ்பார்க், ஆல்ஃபா போன்ற தனி இனப் பிராசசர்கள் அந்த ஓட்டத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் ஒவ்வொன்றாகப் பின்தங்கின. ஆகவே இன்றைய பணிநிலையத்தைத் திறந்து பார்த்தால் உள்ளே துடிப்பது வீட்டுக் கணினியின் நெருங்கிய உறவுதான். குழப்பத்தின் தொடக்கமும் அதுவே.

அந்த உறவு எவ்வளவு நெருக்கமானது என்பதற்கு ஓர் உதாரணம். ஏஎம்டி நிறுவனம் 2022இல் வெளியிட்ட ரைசன் 9 7950எக்ஸ் வீட்டுக் கணினிக்கானது. 2023இல் வெளியிட்ட த்ரெட்ரிப்பர் ப்ரோ 7995டபிள்யூஎக்ஸ் பணிநிலையத்துக்கானது. இரண்டும் ‘ஜென் 4’ என்னும் ஒரே வடிவமைப்பைச் சேர்ந்தவை. எட்டுக் கோர்கள், அதாவது தனித்தனியே கணக்கிடக்கூடிய எட்டுப் பகுதிகள், அடங்கிய சிறிய சில்லு ஒன்றைச் செய்து, அதைச் செங்கல் போல அடுக்குகிறார்கள். முன்னதில் இரண்டு செங்கல், ஆகவே 16 கோர். பின்னதில் பன்னிரண்டு செங்கல், ஆகவே 96 கோர். இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன 5.7, 5.1 என்ற எண்களும் இந்த இரண்டினுடையவைதான்.

இனி அந்த எண்களை வெப்பத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும். முதல் பிராசசருக்கு நிறுவனம் குறிப்பிடும் வெப்ப அளவு 170 வாட்; இரண்டாவதற்கு 350 வாட். கோர்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். வீட்டுக் கணினியில் ஒரு கோருக்குக் கிடைப்பது ஏறத்தாழ 10 வாட். பணிநிலையத்தில் 4 வாட்டுக்கும் குறைவு. அதிக மின்சாரம் உறிஞ்சும் கோர் அதிக வேகத்தில் ஓடும் என்பதால், ஒற்றைக் கோரை மட்டும் எடுத்துக்கொண்டால் வீட்டுக் கணினியே முந்துகிறது. உரை எழுதுவதற்கும் இணையத்தில் உலாவுவதற்கும் பெரும்பாலான விளையாட்டுகளுக்கும் சில கோர்களின் உச்ச வேகமே முக்கியம். இந்த வேலைகளுக்காகப் பணிநிலையம் வாங்குபவர் அதிக விலை கொடுத்து மெதுவான கணினியை வாங்குகிறார் என்பதில் மிகையில்லை.

விவரப் பட்டியலில் ‘வரை’ என்ற சொல் வரும் இடங்களில் கொஞ்சம் நின்று படிப்பது நல்லது. 5.7 ஜிகாஹெர்ட்ஸ் வரை என்றால், வெப்பமும் மின்சாரமும் இடம் கொடுக்கும்போது ஓரிரு கோர்கள் தொடக்கூடிய உச்சம் என்று பொருள். அடிப்படை வேகம் என்று தனியாக இன்னோர் எண் இருக்கும். மேற்சொன்ன பிராசசருக்கு அது 4.5. எல்லாக் கோர்களும் மணிக்கணக்கில் உழைக்கும்போது கணினி இந்த இரண்டு எண்களுக்கும் இடையே எங்கே நிலைகொள்கிறது என்பதைத் தீர்மானிப்பது பிராசசரைவிட அதைச் சுற்றியுள்ள குளிர்விப்பு அமைப்புதான். மெல்லிய பெட்டிக்குள் அடைத்த கணினி ஒன்றில் இரண்டு மணி நேர வீடியோவை ஏற்றுமதி செய்து, பக்கத்திலேயே பிராசசரின் வேகத்தைக் காட்டும் சாளரத்தைத் திறந்து வையுங்கள். முதல் சில நிமிடங்கள் எண் உச்சத்தில் இருக்கும். பிறகு விசிறியின் இரைச்சல் கூடும். அதன்பின் எண் மெல்ல இறங்கி ஓரிடத்தில் தங்கிவிடும். வெப்பம் தாளாமல் பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அது பழுது அல்ல, தற்காப்பு. பணிநிலையத்தின் பெரிய பெட்டி, கனமான வெப்பம் உறிஞ்சி, முன்னிருந்து பின்னுக்கு நேராகக் காற்றை இழுக்கும் விசிறிகள், தேவைக்குமேல் திறன் கொண்ட பவர் சப்ளை ஆகியவை இந்த இறக்கம் நேராமல் பார்த்துக்கொள்வதற்காகவே இருக்கின்றன. வெளித்தோற்றத்தில் கவர்ச்சி இல்லாததற்கும் அதுவே காரணம்.

அதிகக் கோர்கள் இருந்தால் வேலை அந்த அளவுக்கு விரைவாக முடிந்துவிடும் என்ற எண்ணத்துக்கும் ஓர் எல்லை உண்டு. கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் 1967இல் முன்வைத்த கணக்கு இங்கே இன்றும் செல்லும். ஒரு வேலையில் பத்தில் ஒன்பது பங்கைக் கோர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கலாம், மீதி ஒரு பங்கை ஒரே கோர் வரிசையாகத்தான் செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 8 கோர்கள் அதை ஏறத்தாழ 4.7 மடங்கு விரைவாக முடிக்கும். 64 கோர்களைக் கொடுத்தாலோ வேகம் 8.8 மடங்குக்குச் சற்றே குறைவாகத்தான் உயரும். எத்தனை ஆயிரம் கோர்களைக் கொட்டினாலும் பத்து மடங்கைத் தாண்டாது. பாதி வேலையைத்தான் பகிர முடியும் என்றால் 8 கோருக்கும் 64 கோருக்கும் உள்ள வேறுபாடு கையில் பிடிக்க முடியாத அளவுக்குச் சிறியது: 1.78 மடங்கும் 1.97 மடங்கும். ஆகவே கோர்களின் எண்ணிக்கையைப் பார்க்கும் முன், தான் பயன்படுத்தும் மென்பொருள் எத்தனை கோர்களை உண்மையில் வேலை வாங்குகிறது என்று பார்க்க வேண்டும். முப்பரிமாணக் காட்சிகளை உருவாக்கும் மென்பொருள்கள் கிடைத்த கோர் அனைத்தையும் விழுங்கிவிடும். இயந்திர வடிவமைப்பு மென்பொருள்களில் மாதிரியை வரைந்து திருத்தும் பகுதி பெரும்பாலும் ஒரு கோரையே நம்பியிருக்கும்.

இனி நினைவகம். என்னைக் கேட்டால், இரண்டு வகைக் கணினிகளும் உண்மையில் பிரியும் இடம் இதுதான். விளம்பரங்கள் வேகமாகக் கடந்துபோகும் இடமும் இதுதான். கொள்ளளவில் உள்ள வேறுபாடு எளிதில் புரியும். மேற்சொன்ன பணிநிலையப் பிராசசர் ராம் எனப்படும் இந்த நினைவகத்தை 2 டெராபைட் வரை ஏற்கும். வீட்டுக் கணினிகளில் அதில் ஒரு சிறு பங்குதான் முடியும். அடுத்தது பாதைகளின் எண்ணிக்கை. பிராசசருக்கும் ராமுக்கும் இடையே தரவு போய்வரும் பாதையைச் சேனல் என்கிறோம். வீட்டுக் கணினியில் இரண்டு சேனல். அந்தப் பணிநிலையத்தில் எட்டு. டிடிஆர்5-5200 வகை ராமில் ஒரு சேனல் நொடிக்கு 41.6 ஜிகாபைட் கடத்தும் என்பதால், முன்னதில் மொத்தம் 83.2 ஜிகாபைட், பின்னதில் 332.8. எட்டுச் சேனல் கொண்ட கணினியில் இரண்டே இரண்டு ராம் பட்டைகளைச் செருகி விற்பவர்களும் உண்டு. அகலமான சாலையைப் போட்டுவிட்டு இரண்டு தடத்தை மட்டும் திறந்துவிடுவது போன்றது அது. மொத்த ராம் அளவை மட்டும் பார்க்காமல், அது எத்தனை பட்டைகளாகப் பிரிந்திருக்கிறது என்றும் கேட்க வேண்டும்.

மூன்றாவது வேறுபாடு பிழைதிருத்தம். ஆங்கில எழுத்துகளால் ‘இசிசி’ என்று குறிக்கப்படும் இந்த வசதியைக் கண்ணாலேயே பார்க்கலாம். டிடிஆர்4 வகைச் சாதாரண ராம் பட்டையின் ஒரு பக்கத்தில் பெரும்பாலும் எட்டுச் சில்லுகள் வரிசையாக இருக்கும். இசிசி பட்டையில் ஒன்பது. அந்த ஒன்பதாவது சில்லு நம்முடைய தரவைச் சேமிப்பதில்லை. மற்ற எட்டில் இருப்பது சரிதானா என்று சரிபார்க்கும் குறிப்புகளையே அது வைத்திருக்கிறது: 64 பிட் தரவுக்கு 8 பிட் காவல் (பிட் என்பது 0 அல்லது 1 என்ற ஒற்றை இலக்கம்).

ராமில் இருப்பது ஏன் மாற வேண்டும்? ராமில் ஒரு பிட்டைத் தாங்கி நிற்பது மிகச் சிறிய மின்னூட்டம். விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் காற்றில் மோதித் தெறிக்கும் துகளோ, சில்லின் பொதிவுப் பொருளில் இருக்கும் மிகச் சிறிய கதிரியக்கமோ, பட்டையில் உள்ள குறையோ அந்த மின்னூட்டத்தைக் கலைத்து 0ஐ 1 ஆக்கிவிடலாம். இது வெறும் ஏட்டுக் கதையன்று. 2003 மே மாதம் பெல்ஜியத் தேர்தலில் ஸ்கார்பீக் என்ற நகராட்சியில் ஒரு வேட்பாளருக்கு மின்னணு வாக்குப்பதிவில் கூடுதலாக 4096 வாக்குகள் விழுந்திருந்தன. அவருடைய கட்சிப் பட்டியலுக்கே கிடைக்க முடியாத எண்ணிக்கை என்பதால்தான் அது வெளிப்பட்டது. 4096 என்பது 2ஐப் பன்னிரண்டு முறை பெருக்கினால் வருவது. ஒரே ஒரு பிட் புரண்டால் எண் சரியாக அந்த அளவுக்குத் தாவும். மென்பொருளில் தவறு எதுவும் சிக்காத நிலையில், தானாகப் புரண்ட பிட் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட விளக்கம்.

ஒரு பிட் புரண்டதை மட்டுமல்லாமல், புரண்டது எது என்பதையும் கணினி எப்படிக் கண்டுபிடிக்கிறது? இதற்கு வழி சொன்னவர் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஹாமிங். வார இறுதிகளில் அவர் விட்டுச்சென்ற கணக்குகளை, இடையில் பிழை தென்பட்டதும் கணினி கைவிட்டுவிடும். திங்கட்கிழமை வந்து பார்த்தால் விடை இருக்காது. பிழை நேர்ந்தது என்று கண்டுகொள்ளத் தெரிந்த கணினிக்கு அது எங்கே நேர்ந்தது என்று கண்டு திருத்தத் தெரியாதா என்ற எரிச்சலில் பிறந்த முறையை அவர் 1950இல் வெளியிட்டார். தாளும் பென்சிலும் இருந்தால் அதை நாமே செய்து பார்க்கலாம்.

சேமிக்க வேண்டியது 1, 0, 1, 1 என்ற நான்கு பிட் என்று கொள்வோம். ஏழு இடங்களை வரைந்து, இவற்றை 3, 5, 6, 7ஆம் இடங்களில் வரிசையாக எழுதுங்கள். 1, 2, 4ஆம் இடங்கள் காவலர்களுக்கு. முதல் காவலர் 1, 3, 5, 7ஆம் இடங்களைக் கவனிக்கிறார். இரண்டாமவர் 2, 3, 6, 7ஐ. நான்காம் இடத்தில் இருப்பவர் 4, 5, 6, 7ஐ. தம்முடைய குழுவில் 1 என்ற இலக்கம் இரட்டைப்படை எண்ணிக்கையில் வரும்படி ஒவ்வொருவரும் தம் இடத்தில் 0 அல்லது 1 போட்டுக்கொள்ள வேண்டும். அப்படிச் செய்தால் ஏழு இடங்களும் 0 1 1 0 0 1 1 என்று நிரம்பும். இப்போது ஆறாம் இடத்தில் உள்ள 1ஐ யாருக்கும் தெரியாமல் 0 ஆக்கிவிடுங்கள். முதல் காவலரின் குழுவில் குறையில்லை. இரண்டாமவரின் குழுவில் மூன்று 1கள், ஒற்றைப்படை. நான்காம் இடத்துக் காவலரின் குழுவில் ஒரே ஒரு 1, அதுவும் ஒற்றைப்படை. புகார் சொன்ன இருவரின் இட எண்களைக் கூட்டுங்கள்: 2 + 4 = 6. புரண்ட இடம் ஆறு. அதைத் திருப்பிப் போட்டால் தரவு பழையபடி ஆகிவிடுகிறது. இந்த அழகுக்கு நான் இன்னும் பழகவில்லை.

பணிநிலையத்தின் ராமில் இதே கருத்து 64 பிட்டுக்கு விரிகிறது. ஒரு பிட் புரண்டால் திருத்தும், இரண்டு புரண்டால் தவறு நேர்ந்துவிட்டது என்று தெரிவிக்கும். கூகுள் நிறுவனத்தின் கணினிகளை ஆராய்ந்து 2009இல் வெளியான ஆய்வு, ஆண்டொன்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கணினிகளில் திருத்தத்தக்க நினைவகப் பிழை ஒன்றேனும் பதிவானதாகக் காட்டியது. வீட்டில் படம் பார்க்கும்போது ஒரு புள்ளியின் நிறம் மாறினால் யாருக்கும் தெரியப் போவதில்லை. மூன்று நாள் ஓடும் கட்டுமானக் கணக்கின் நடுவே ஓர் எண் புரண்டால் அப்போதும் யாருக்கும் தெரியாது. அச்சப்பட வேண்டியது அதற்குத்தான்.

புதிய வரிசைகளின் விளம்பரங்களில் இங்கே ஒரு வழுக்கல் உண்டு. டிடிஆர்5 ராம் அனைத்திலும் சில்லுக்குள்ளேயே பிழைதிருத்தம் இருக்கிறது என்று எழுதியிருப்பார்கள். அது உண்மைதான். ஆனால் அது சில்லுக்குள் நேரும் பிழையை மட்டும் பார்த்துக்கொள்ளும். சில்லிலிருந்து பிராசசருக்குப் போகும் வழியில் நேர்வதை அது அறியாது, திருத்தியதைக் கணினிக்குத் தெரிவிப்பதும் இல்லை. முழு இசிசி வேண்டுமென்றால் பிராசசர், மதர்போர்டு, ராம் மூன்றும் அதை ஏற்க வேண்டும்; மூன்றில் ஒன்று ஏற்காவிட்டாலும் வசதி கிடையாது. வீட்டுக் கணினிக்கான சில பிராசசர்களும் தக்க மதர்போர்டோடு சேர்ந்தால் இசிசியை ஏற்கும் என்பது குறைந்த செலவில் பாதிப் பணிநிலையம் அமைக்க விரும்புவோருக்கு நல்ல செய்தி.

கிராபிக்ஸ் கார்டிலும் இதே போன்ற உறவுமுறைதான். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4090 விளையாட்டுக்கானது. ஆர்டிஎக்ஸ் 6000 அடா பணிநிலையத்துக்கானது. இரண்டுக்கும் அடிப்படைச் சில்லு ஒன்றே. முன்னதில் 24 ஜிகாபைட் நினைவகமும் 450 வாட் மின்வரம்பும்; பின்னதில் 48 ஜிகாபைட், ஆனால் 300 வாட்தான். ஒரே பெட்டியில் இரண்டு மூன்று கார்டுகளை அடுக்கி ஓட்டுவதற்கு இந்த மின்சிக்கனம் தேவை. அப்படி அடுக்க இடமும் வேண்டும்: பிராசசரோடு கார்டுகளை இணைக்கும் வழிகளுக்குப் பிசிஐஇ தடங்கள் என்று பெயர். ஒரு கிராபிக்ஸ் கார்டு அவற்றில் 16ஐ எடுத்துக்கொள்ளும், எஸ்எஸ்டி என்னும் வேகமான சேமிப்பகம் ஒன்று 4 தடங்களை. நாம் பார்த்த வீட்டுப் பிராசசர் இவற்றுக்குத் தரக்கூடியது 24 தடம். ஒரு கார்டு, இரண்டு எஸ்எஸ்டி என்றதும் தீர்ந்துவிடும். பணிநிலையத்தில் 128 இருக்கின்றன.

கார்டின் விலையில் கண்ணுக்குத் தெரியாத பங்கு ஒன்றும் அடங்கியிருக்கிறது. ஆட்டோகேட், சாலிட்ஒர்க்ஸ் போன்ற வடிவமைப்பு மென்பொருள்களோடு குறிப்பிட்ட கார்டும் அதை இயக்கும் டிரைவர் என்னும் மென்பொருளும் ஒத்துழைக்கின்றனவா என்று சோதித்துச் சான்றளிக்கும் முறை உண்டு. சான்று பெற்ற கணினியில் மாதிரி தவறாகத் தெரிந்தால், மென்பொருள் நிறுவனம் அதைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்ளும். சான்று இல்லாத கார்டு என்றால், முதலில் கார்டை மாற்றுங்கள் என்று பதில் வரக்கூடும். பொழுதுபோக்காக வரைபவருக்கு இந்தச் சான்றுக்குக் கொடுக்கும் பணம் வீண் என்பேன். தவணை தவறினால் ஒப்பந்தமே போய்விடும் அலுவலகத்துக்கு அப்படிச் சொல்லமாட்டேன்.

அண்மைக் கால வீட்டுக் கணினி வரிசைகளில் செயற்கை நுண்ணறிவுக்கென்று ‘என்பியு’ என்ற தனிப் பகுதி சேர்ந்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட் 2024இல் அறிவித்த கோபைலட் பிளஸ் வகைக் கணினிக்கு, நொடிக்கு 40 லட்சம் கோடி செயல்களைச் செய்யும் என்பியு, 16 ஜிகாபைட் ராம், 256 ஜிகாபைட் சேமிப்பு ஆகியவை குறைந்தபட்சத் தேவை. காணொலி அழைப்பில் பின்னணியை மங்கலாக்குவது, பேச்சை எழுத்தாக்குவது போன்ற சிறு வேலைகளைக் குறைந்த மின்சாரத்தில் செய்வதற்கே அது. பெரிய மொழி மாதிரிகளைக் கணினியிலேயே ஓட்ட நினைப்பவர் கவனிக்க வேண்டியது கிராபிக்ஸ் கார்டின் நினைவக அளவைத்தான். மாதிரி அதில் முழுதாக அடங்காவிட்டால் வேகம் படுத்துவிடும்.

கடைசியாக, மடியில் வைக்கும் பணிநிலையங்களைப் பற்றி ஒரு சொல். பெயர் அதுதான், சான்றிதழும் உண்டு, சிலவற்றில் இசிசி ராமும் கிடைக்கும். ஆனால் மேசைக் கணினியின் பிராசசருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் உள்ள பெயரையும் எண்ணையும் ஒத்தவை மடிக்கணினிக்கும் வழங்கப்படுவதால், திறனும் ஒத்திருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. விரலளவுத் தடிமனுக்குள் 350 வாட் வெப்பத்தைக் கடத்தி வெளியேற்றும் வழி இல்லை. அதனால் ஒரே பெயருள்ள கார்டுக்கு ஒரு மாதிரியில் 80 வாட்டும் இன்னொன்றில் 150 வாட்டும் ஒதுக்கியிருக்கலாம். இந்த எண் பட்டியலின் முன்பக்கத்தில் பெரும்பாலும் இருப்பதில்லை. விரிவான தொழில்நுட்பக் குறிப்பைத் தேடித் திறந்து, கிராபிக்ஸ் பகுதியின் அடிக்குறிப்பில் பார்க்க வேண்டியிருக்கும்.